வீட்டுக்கு வாரண்டி உண்டா? பாபிலோன் முதல் கம்பைநல்லூர் வரை



மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு மிக்சி வாங்கினால் கடைக்காரர் தேதி போட்டு, சீல் குத்தி, வாரண்டி கார்டு கொடுக்கிறார். எழுநூறு ரூபாய் இஸ்திரிப் பெட்டிக்குக்கூட ஒரு வருடம், இரண்டு வருடம் என்று உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் ஆயுசுக்கும் சேர்த்த பணத்தைக் கொட்டி, பற்றாததற்கு வங்கியில் கடனும் வாங்கிக் கட்டுகிற வீட்டுக்கு? ஐப்பசி மழையில் தளம் ஒழுகினால் யாரிடம் போய் கார்டை நீட்டுவது?

அமெரிக்காவில் "ஹோம் வாரண்டி" என்று ஒன்றை வருடா வருடம் பணம் கட்டி வாங்குகிறார்கள். அது நமக்கும் தேவையா, வாங்கினால் லாபமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நேராகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த உத்தரவாதம் என்கிற சமாச்சாரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பதில் தானாகவே வந்துவிடும். அதனால் கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீர்கள், பரீட்சைக்கு வராது :-)

பாடப் புத்தகத்தில் இல்லாத வீடு

பி.காம். படிக்கிறவர்களுக்கு வணிகச் சட்டம் என்று ஒரு பாடம் உண்டு. அதில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வரும். நிபந்தனை என்றால் என்ன, உத்தரவாதம் என்றால் என்ன, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பது எல்லோரும் மனப்பாடம் செய்கிற கேள்வி. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். உத்தரவாதம் மீறப்பட்டால் நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். இது 12ஆவது பிரிவு.

இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பல பேர் கவனிக்காத விஷயம் ஒன்று அதே சட்டத்தில் இருக்கிறது. "சரக்கு" என்றால் அசையும் சொத்து என்றுதான் அந்தச் சட்டம் வரையறுக்கிறது. வீடு, நிலம் எல்லாம் அசையாச் சொத்து. ஆக, நாம் படிக்கிற வாரண்டி பாடம் மிக்சிக்குப் பொருந்தும், மாட்டு வண்டிக்குப் பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது!

அப்படியானால் வீட்டுக்கு எந்தச் சட்டம்? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55ஆவது பிரிவில் விற்பவரின் கடமைகள் வரிசையாக இருக்கின்றன. சொத்தை விற்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்று விற்பவர் உறுதி கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. சொத்தில் முக்கியமான குறை ஏதாவது இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாது என்றால், அதை அவர் சொல்லியாக வேண்டும். இதில் இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விற்பவருக்கே தெரியாத குறை என்றால் அவருக்குப் பொறுப்பு இல்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டால், அவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

உங்கள் வீட்டில் கிரயப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். "சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வாசகம் கட்டாயம் இருக்கும். யோசித்தால் அதுவும் ஒரு வாரண்டிதான். ஆனால் அது உரிமைக்கான வாரண்டி, சுவருக்கான வாரண்டி அல்ல. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் யாரும் இடம் வாங்குவதில்லை. ஆனால் தளத்தில் எத்தனை எம்.எம். கம்பி போட்டார்கள் என்று பத்திரத்தில் எழுதி வாங்கியவர் யாராவது உண்டா? நான் கேள்விப்பட்டதில்லை.

பாபிலோனில் சதுர அடி ரேட்

சுவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மிகப் பழையது. இன்றைக்குச் சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன்னால் பாபிலோனை ஆண்ட ஹமுராபி என்ற மன்னர் தன் சட்டங்களை ஒரு கருங்கல்லில் செதுக்கி வைத்தார். அந்தக் கல் 1901ல் ஈரானில் உள்ள சூசா என்ற இடத்தில் கிடைத்தது. இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் 228ஆவது விதி கொத்தனாரின் கூலி பற்றியது. கட்டிய பரப்பில் ஒரு "சார்" அளவுக்கு 2 ஷெக்கல் வெள்ளி. அதாவது நம் ஊரில் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பேசுகிறோமே, அதே கணக்கு! அடுத்த ஐந்து விதிகளும் கட்டியவரின் பொறுப்பைச் சொல்கின்றன. வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவருக்கு மரண தண்டனை. வீட்டுக்காரரின் மகன் செத்தால் கட்டியவரின் மகனுக்கு மரண தண்டனை. (கொடுமைதான்.) பொருள்கள் அழிந்தால் ஈடு கொடுத்து, இடிந்த வீட்டையும் சொந்தச் செலவில் கட்டித்தர வேண்டும். கடைசியாக 233ஆவது விதி: சுவர் சரியில்லாமல் சாய்ந்தால் கட்டியவர் தன் கைக்காசைப் போட்டு அதைப் பலப்படுத்தித் தர வேண்டும்.

தண்டனைகளை விட்டுவிடுவோம். கடைசி விதியை மட்டும் தனியே எடுத்தால் அது இன்றைய வீட்டு வாரண்டியேதான். "குறை இருந்தால் கட்டியவர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்." இந்த ஒரு வரி நம் நாட்டில் மத்தியச் சட்டமாக வர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

"வாங்குபவரே, உஷார்!"

ஆங்கிலேயர்கள் வேறு வழியில் போனார்கள். 1603ல் லண்டனில் ஒரு வழக்கு. சான்ட்லர் என்ற பொற்கொல்லர் ஒரு கல்லை லோபஸ் என்பவருக்கு 100 பவுனுக்கு விற்றார். ஆட்டின் வயிற்றில் உருவாகும் பெசோவார் என்ற கல் அது என்று சொன்னார். அதற்கு விஷத்தை முறிக்கும் சக்தி உண்டு என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். பிறகு பார்த்தால் அது பெசோவார் கல்லே இல்லை என்று லோபஸ் வழக்குப் போட்டார். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? "இது பெசோவார் கல் என்று அவர் சொன்னார், சரி. ஆனால் அதற்கு நான் உத்தரவாதம் என்று சொல்லவில்லையே?" லோபஸ் தோற்றார்.

"கேவியட் எம்ப்டார்", அதாவது வாங்குபவரே உஷார் என்ற கொள்கையைப் பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு உதாரணமாக இன்றும் சொல்லப்படுவது இந்த வழக்குதான். ஆங்கிலேயர் எழுதிய சட்டங்களோடு இந்தக் கொள்கையும் நம் நாட்டுக்கு வந்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அதைத்தான் விதிவிலக்குகளோடு சொல்கிறது. பொருள்களுக்காவது விதிவிலக்கு கிடைத்தது. வீட்டுக்கு வெகுகாலம் அதுவும் இல்லை.

புதுச்சேரியில் பத்து வருடம்

சுவாரசியமான விஷயம் என்னவென்றால், இதே நேரத்தில் தமிழர்கள் வாழ்ந்த இன்னொரு ஊரில் வேறு விதி இருந்தது. அந்த ஊர் புதுச்சேரி.

நெப்போலியன் காலத்தில் 1804ல் பிரான்சில் சிவில் சட்டத் தொகுப்பு வந்தது. அதன் 1792ஆவது பிரிவு, மொத்த விலை பேசிக் கட்டிய கட்டடம் கட்டுமானக் குறையால் முழுதாகவோ பகுதியாகவோ அழிந்தால், கட்டடக் கலைஞரும் ஒப்பந்தக்காரரும் பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பு என்றது. மண்ணின் குறையால் அழிந்தாலும் அவர்கள்தான் பொறுப்பு. "மண்ணு சரியில்லைங்க, நான் என்ன பண்ண?" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரெஞ்சு சட்டத் தொகுப்பு 1819ல் புதுச்சேரிக்கும் கொண்டுவரப்பட்டது.

ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலூரில் வீடு கட்டியவருக்கும் பக்கத்தில் புதுச்சேரியில் வீடு கட்டியவருக்கும் சட்டப் புத்தகத்தில் இவ்வளவு வித்தியாசம். ஒரே மொழி, ஒரே செங்கல், ஒரே மழை. கொடி மட்டும் வேறு. நடைமுறையில் எத்தனை பேர் அந்தப் பிரிவைப் பயன்படுத்தினார்கள் என்பது தனிக் கதை. ஆனால் வீட்டுக்கு உத்தரவாதம் என்பது நடக்காத காரியம் அல்ல, அரசு நினைத்தால் ஒரு பிரிவில் எழுதிவிடலாம் என்பதற்கு இது சாட்சி. பிரான்ஸ் அதோடு நிற்கவில்லை. 1978ல் ஸ்பினெட்டா சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, அந்தப் பத்து வருடப் பொறுப்புக்கு இன்சூரன்ஸ் எடுப்பதையும் கட்டாயமாக்கியது. ஏன் இன்சூரன்ஸ் என்பதற்குக் கீழே வருகிறேன்.

நீதிமன்றத்தில் வாதாடிய ஒரு இல்லத்தரசி

இங்கிலாந்தில் 1930களில் வீடு கட்டும் அலை அடித்தது. லண்டனைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வீடுகள் முளைத்தன. கட்டியவர்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாத கம்பெனிகள். தவணையில் வாங்கியவர்கள் சாதாரண சம்பளக்காரர்கள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் எல்சி பார்டர்ஸ் என்ற பெண்மணி. கணவர் டாக்சி ஓட்டுநர். 1934ல் வெஸ்ட் விக்கம் என்ற இடத்தில் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். கூரை ஒழுகியது, சுவரில் ஓதம் ஏறியது. கட்டியவர்களிடம் சொல்லிப் பார்த்தும் பலனில்லை. 1937ல் அவர் கடன் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். கடன் கொடுத்த சங்கம் வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டது. எல்சி வக்கீல் வைக்காமல் தானே நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். இந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்ததை நம்பித்தானே நாங்கள் வாங்கினோம் என்று எதிர்வழக்கும் போட்டார். நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது. அவரைப் பார்த்து மற்ற குடும்பங்களும் தவணை கட்டுவதை நிறுத்தின.

முடிவு? கீழ் நீதிமன்றத்தில் சங்கத்தால் வீட்டைப் பிடுங்க முடியவில்லை. ஆனால் கடைசியில் 1941ல் பிரபுக்கள் சபை எல்சிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருந்தாலும் அவர் கிளப்பிய கேள்வி நின்றுவிட்டது. நம் ஊரிலும் இன்றைக்குப் பல பேர், "பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்துதானே லோன் கொடுத்தாங்க, அப்ப வீடு நல்லாத்தான் இருக்கும்" என்று நம்புகிறார்கள். அவர் பார்ப்பது கொடுத்த கடன் திரும்ப வருமா என்பதைத்தான். உங்கள் வீடு ஒழுகுமா என்பது அவர் வேலை இல்லை.

இதே காலத்தில், 1936ல், இங்கிலாந்தில் வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பு ஒன்று தொடங்கியது. பதிவு செய்தவர்கள் குறிப்பிட்ட தரத்தில் கட்ட வேண்டும், ஆய்வாளர் வந்து பார்ப்பார், புது வீட்டுக்கு உத்தரவாதமும் உண்டு. 1960களில் அந்த உத்தரவாதம் பத்து வருடமாக வளர்ந்தது. இன்று என்.எச்.பி.சி. என்ற பெயரில் இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பட்டது இதுதான். கட்டியவர் நமக்குத் தெரிந்தவராக இருக்கும்வரை காகித உத்தரவாதம் யாரும் கேட்பதில்லை. கட்டியவர் அந்நியராக ஆகும்போதுதான் அது தேவைப்படுகிறது.

வாரண்டி கொடுத்தவரே காணாமல் போனால்?

அமெரிக்காவில் இரண்டு வகை வாரண்டி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை புது வீட்டுக்குக் கட்டியவர் தருவது. டெக்சாஸ் மாநிலத்தில் ஹம்பர் என்ற விதவைப் பெண்மணி மார்டன் என்பவரிடம் புது வீடு வாங்கினார். கணப்படுப்பில் முதல்முறை தீ மூட்டியபோதே வீட்டில் தீப்பிடித்தது. 1968ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், புது வீடு விற்பவர் "வாங்குபவரே உஷார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது, வீடு ஒழுங்காகக் கட்டப்பட்டது என்ற உறுதி சொல்லாமலே அதில் அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. 1970களில் அங்குள்ள வீடு கட்டுவோர் சங்கமே "ஹவ்" என்ற பெயரில் பத்து வருட வாரண்டித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகள் அதில் சேர்ந்தன. ஆனால் 1994ல் அந்த நிறுவனமே நிதி நெருக்கடியில் சிக்கி, வர்ஜீனியா மாநில இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டாளர் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வாரண்டிக்கு வாரண்டி இல்லை!

இரண்டாவது வகைதான் இன்று "ஹோம் வாரண்டி" என்று விற்கப்படுவது. 1971ல் அமெரிக்கன் ஹோம் ஷீல்டு என்ற நிறுவனம் தொடங்கிய வியாபாரம். வருடச் சந்தா கட்டினால் வீட்டிலுள்ள ஏ.சி., ஹீட்டர், ஃபிரிட்ஜ், குழாய், மின் இணைப்பு போன்றவை பழுதானால் ஆள் அனுப்பிச் சரிசெய்வார்கள். ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் தனியாக ஒரு கட்டணம். ஏற்கெனவே இருந்த பழுது என்றால் பெரும்பாலும் கிடையாது. சரியாகப் பராமரிக்கவில்லை என்றாலும் மறுப்பார்கள். சுவர், அஸ்திவாரம், தளம் இதெல்லாம் பொதுவாக அதில் வரவே வராது. பெயர் ஹோம் வாரண்டி, உள்ளே இருப்பதோ நம் ஊரில் ஏ.எம்.சி. என்கிறோமே, அந்தப் பராமரிப்பு ஒப்பந்தம்.

ஜப்பான் இன்னொரு பாடம். அங்கே 1999ல் வந்த சட்டம் புது வீட்டின் முக்கியமான பகுதிகளுக்குப் பத்து ஆண்டு உத்தரவாதத்தைக் கட்டாயமாக்கியது. அருமையான சட்டம். 2005ல் ஒரு கட்டட வடிவமைப்பாளர் நிலநடுக்கத்தைத் தாங்கும் கணக்குகளைப் பொய்யாகத் தயாரித்தது அம்பலமானது. அந்த வீடுகளை விற்ற நிறுவனம் திவாலானது. வாங்கியவர்கள் கையில் சட்டம் இருந்தது, கேட்க ஆள் இல்லை. அதன் பிறகு 2007ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். கட்டுபவர் ஒன்று பணத்தை டெபாசிட் வைக்க வேண்டும், இல்லையென்றால் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். 2009 அக்டோபரில் இது அமலானது.

பிரான்சில் 1978ல் செய்ததும் இதேதான். உத்தரவாதம் என்ற வார்த்தைக்குப் பின்னால் எங்கேயாவது பணம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். பி.காம். மாணவர்கள் பாஷையில், பொறுப்புகள் பக்கம் எழுதினால் போதாது, சொத்துகள் பக்கமும் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் நடந்தது

1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் வீடு கட்டித் தருவது அதில் வருமா என்று சண்டை. லக்னோ வளர்ச்சிக் குழுமம் எதிர் எம்.கே.குப்தா என்ற வழக்கில் 1993 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் அரசு அமைப்பாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும் என்றது. அதே ஆண்டு சட்டத்திலும் வீட்டுக் கட்டுமானம் என்ற சொல் சேர்க்கப்பட்டது.

2014 ஜூன் 28 யாருக்கும் மறந்திருக்காது. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருந்த கூலித் தொழிலாளிகள். நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பெட்டிக்குள் சீட்டுக்கட்டு விழுவதுபோல அது விழுந்ததைத் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது. அந்த இரண்டு கட்டடங்களிலும் பணம் கட்டியிருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

இதற்கிடையில் 2016 மார்ச்சில் நாடாளுமன்றம் ரெரா சட்டத்தை நிறைவேற்றியது. 2017 மே 1 முதல் முழுமையாக அமலானது. அதன் 14ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவுதான் நம் ஹமுராபியின் 233ஆவது விதி. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, பொருள் தரத்திலோ, சேவைகளிலோ குறை தெரிந்தால், கட்டி விற்றவர் 30 நாட்களுக்குள் கூடுதல் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு.

ஆக, ரெராவில் வரும் அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு ஐந்து வருட வாரண்டி இலவசம். இதைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை.

கம்பைநல்லூருக்கு வருவோம்

இங்கேதான் சிக்கல். ரெரா என்பது விற்பதற்காகக் கட்டும் திட்டங்களுக்கான சட்டம். அதிலும் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது வீடுகள் 8க்கு மேல் என்று ஒரு வரம்பு இருக்கிறது. கம்பைநல்லூரிலோ காரிமங்கலத்திலோ மொரப்பூரிலோ ஒரு குடும்பம் தன் சொந்த இடத்தில் மேஸ்திரியை வைத்துக் கட்டும் வீடு இதில் எங்கும் வராது.

எங்கள் பக்கம் எப்படிக் கட்டுகிறார்கள்? பெங்களூருவிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துச் சேர்த்த பணம், கொஞ்சம் நகைக்கடன், கொஞ்சம் வங்கிக் கடன். ஜல்லி, கம்பி, சிமெண்ட் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் சதுர அடிக் கணக்கு பேசுவது ஒரு முறை. பொருளோடு சேர்த்து மொத்தமாக விடுவது இன்னொரு முறை. இரண்டிலும் பேச்சு திண்ணையில் நடக்கும். ஒரு கோடுபோட்ட நோட்டில் அட்வான்ஸ் தொகை மட்டும் எழுதப்படும்.

எங்கள் தெருவில் வேலை செய்த ஒரு மேஸ்திரியிடம் "அண்ணா, நீங்க கட்டற வீட்டுக்கு எத்தனை வருஷம் வாரண்டி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "நான் எங்க தம்பி ஓடிப் போறேன்? இதே ஊர்லதானே இருக்கறேன். ஒண்ணு ஒழுகுச்சுன்னா நாளைக்கு எவன் எனக்கு வேலை குடுப்பான்?" என்றார்.

அவர் சொன்னது சாதாரணப் பேச்சு இல்லை. அவர் பெயர்தான் அவர் வைத்திருக்கும் டெபாசிட். சின்ன ஊரில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒருவர் வீட்டுத் தளம் ஒழுகினால் சந்தைக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அந்த உத்தரவாதம் அவர் ஊரில் இருக்கும்வரைதான். கூலி அதிகம் என்று அவர் பெங்களூருவுக்குப் போய்விட்டால்? வேறு ஊர் ஒப்பந்தக்காரர் வந்து கட்டிவிட்டுப் போனால்? வீட்டுக்காரர் பெங்களூருவில் இருந்துகொண்டு போனிலேயே வீடு கட்டினால்? அப்போது நாமும் எல்சி பார்டர்ஸ் நிலைமைதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேஸ்திரியும் பெரிய முதலாளி அல்ல. சனிக்கிழமை ஆனால் சித்தாள், கொத்தனார் எல்லோருக்கும் கூலி கொடுக்க வேண்டும். மட்டமான கம்பியை வீட்டுக்காரர் வாங்கிப் போட்டுவிட்டு, இரண்டு நாள்கூடத் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டு, விரிசலுக்கு அவரைப் பொறுப்பாக்கினால் அது நியாயமா? யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைப்பது இரண்டு பேருக்குமே பாதுகாப்பு.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 100 பேர் ஆளுக்கு 3,000 ரூபாய் சந்தா கட்டினால் 3 லட்சம். அதில் ஆபீஸ் செலவு, ஏஜென்ட் கமிஷன், லாபம் என்று 1 லட்சம் போனால், ரிப்பேருக்கு மிச்சம் 2 லட்சம். அதாவது சராசரியாக ஒருவருக்குத் திரும்பி வருவது 2,000தான். இது மோசடி இல்லை, எந்த உத்தரவாத வியாபாரமும் இப்படித்தான் நடக்க முடியும். அப்படியானால் சராசரியாக நஷ்டம் என்று தெரிந்தும் எப்போது வாங்கலாம்? அந்த இழப்பு வந்தால் நம்மால் தாங்கவே முடியாது என்கிறபோது மட்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

1. மோட்டார், கீசர், ஃபிரிட்ஜ் ரிப்பேர்: தாங்கக்கூடிய செலவு. இதற்கு நீட்டிக்கப்பட்ட வாரண்டி, ஹோம் வாரண்டி எல்லாம் பெரும்பாலும் வேண்டாம். அந்தச் சந்தாவை மாதாமாதம் தனியாக எடுத்து வைத்தாலே போதும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், ஆள் தேடி அலைய முடியாது என்பதற்காக ஏ.எம்.சி. போட்டால் அது வேறு கணக்கு.

2. தீ, புயல், வெள்ளம்: தாங்க முடியாத இழப்பு. இதற்கு இன்சூரன்ஸ் வாங்கலாம். 2021 ஏப்ரல் 1 முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஆனால் கவனம், புதுக் கட்டடம் படியும்போது வரும் சாதாரண விரிசலும், மோசமான வேலையால் வரும் குறையும் அதில் வராது.

3. அஸ்திவாரம், பில்லர், தளம்: இதுவும் தாங்க முடியாத இழப்பு. ஆனால் சொந்தமாகக் கட்டும் வீட்டுக்கு இதை நம் ஊரில் கடையில் போய் வாங்க முடியாது. நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

4. பெயிண்ட், நீர்க்கசிவு மருந்து, கரையான் மருந்து வாரண்டி: கார்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருளை மட்டும் தருவார்களா, கூலியும் சேர்த்தா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாரம் கட்டும் கூலி சில சமயம் பெயிண்ட் விலையைக்கூடத் தாண்டலாம்.

மூன்றாவதை எப்படி உருவாக்குவது? அரசாங்கம் ரோடு போட்டாலும் பள்ளிக்கூடம் கட்டினாலும் ஒப்பந்தக்காரருக்கு முழுப் பணத்தையும் உடனே கொடுப்பதில்லை. ஒரு பகுதியைப் பிடித்தம் வைத்து, குறை தெரியும் காலம் முடிந்த பிறகே விடுவிப்பார்கள். ஜப்பான்காரர்கள் டெபாசிட் என்று செய்ததன் சின்ன வடிவம்தான் இது. நாமும் செய்யலாம். மொத்தக் கூலியில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்று வேலை தொடங்கும் முன்பே பேசி, ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். முன்கூட்டியே சொல்லாமல் கடைசியில் பிடித்தால் அது அநியாயம். மழை முடிந்து வீடு நன்றாக இருந்தால் அந்தப் பணத்தை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

கூடவே மூன்று காரியங்கள். கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டிய நிலையில் போட்டோ எடுத்து வையுங்கள். சிமெண்ட், கம்பி பில்களைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். கடைசித் தவணைக்கு முன் மொட்டை மாடியில் கரை கட்டித் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துக் கீழே ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

மொத்தமாக விலை பேசிக் கட்டியிருந்தால், சண்டை வந்தபின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே விசாரிப்பார்கள். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே கேட்கும் முதல் கேள்வி "எழுதி வாங்கினீர்களா?" என்பதுதான். 1603ல் லோபஸிடம் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதுவேதான்.

ஆகவே என் பதில்: ஹோம் வாரண்டி என்ற பெயரில் விற்கப்படும் சந்தாவை நம்மில் பெரும்பாலோர் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயத்தை அது தொடுவதே இல்லை. அடுக்குமாடி வாங்குபவர்கள் ரெராவின் ஐந்து வருடத்தை நினைவில் வைத்து, குறை தெரிந்த உடனே எழுத்தில் கொடுங்கள். ஊரில் சொந்தமாகக் கட்டுபவர்கள் அஸ்திவாரப் பூஜைக்கு நாள் பார்க்கும்போதே, ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தமும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுக்க யாரும் இல்லையென்றால் உங்கள் தெருவில் ஒரு பி.காம். மாணவர் கட்டாயம் இருப்பார், கேளுங்கள் :-)